இலவச மருந்தும் இழந்த கூலியும்: சென்னை, சிங்கப்பூர் காசநோய்ச் சிகிச்சை வரலாற்றில் குடும்பங்கள் ஏற்ற சுமை

1. முன்னுரை

நோயின் வரலாறு பெரும்பாலும் மருந்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காசநோயைப் பொறுத்தவரை, 1882இல் இராபர்ட் காக் நோய்க்கிருமியைக் கண்டறிந்ததில் தொடங்கி, 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் பயனுக்கு வந்தமை, பின்னர் ஆறுமாதச் சிகிச்சை உருவானமை என ஒரு வெற்றி வரிசை நமக்குக் கிடைக்கிறது. இவ்வரிசையில் மருத்துவரும் ஆய்வாளரும் அரசும் இடம்பெறுகின்றனர். நோயாளியின் வீட்டில் அடுப்பு எரிந்ததா, பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குச் சென்றதா, வாங்கிய கடன் எப்போது அடைந்தது என்னும் வினாக்களுக்கு அங்கு இடம் குறைவு.

எலும்புருக்கி, சயரோகம், காசம் எனப் பல பெயர்களால் தமிழர் அறிந்த இந்நோய், உழைக்கும் வயதினரையே மிகுதியும் பற்றுவது. ஆகவே அது தாக்குவது ஒருவரின் நுரையீரலை மட்டுமன்று. அவரது கூலியை நம்பியிருக்கும் குடும்பத்தையுமாகும். சென்னை, சிங்கப்பூர் ஆகிய இரு நகரங்களின் காசநோய்ச் சிகிச்சை வரலாற்றைக் குடும்பப் பொருளாதாரத்தின் பக்கம் நின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிகிச்சை முறை மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் செலவு குறைந்தது என்பது உண்மை. ஆனால் குறைந்த செலவு யாருடையது, எஞ்சிய செலவு யார் தலையில் இறங்கியது என்று தனித்தனியே கேட்க வேண்டும் என்பதே நாம் இங்கு முன்வைக்கும் கருத்து.

2. படுக்கையும் பணமும்: சானடோரியக் காலம்

மருந்து வருவதற்கு முன்னர் நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றுமே சிகிச்சையாக இருந்தன. தென்னிந்தியாவில் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மறைப்பணி அமைப்புகள் இணைந்து 1910களில் ஒரு சானடோரியத்தை நிறுவின. சென்னைக்கு அருகில் தாம்பரத்தில் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கிய சானடோரியம் 1937இல் அரசின் பொறுப்பிற்கு வந்தது. அங்குள்ள இரயில் நிலையத்தின் பெயரில் அந்த மருத்துவமனையின் நினைவு இன்றும் நிற்கிறது.

சானடோரியச் சிகிச்சை மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீள்வது. படுக்கைக் கட்டணம் செலுத்த இயன்றவருக்கு அது ஒரு வழி. இலவசப் படுக்கை கிடைத்த ஏழைக்கும் அது முழுவதும் இலவசமாக அமையவில்லை. அவர் படுத்திருந்த காலம் முழுவதும் வீட்டிற்கு வருமானம் இல்லை. நோயாளி ஒரு தாயாக இருப்பின், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் தம் வேலையை விட வேண்டியிருந்தது. ‘ஓய்வெடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்’ என்ற மருத்துவ அறிவுரை நாள்கூலிக் குடும்பத்தின் முன் வைக்கப்பட்டபோது, அது நிறைவேற்ற இயலாத ஆணையாகவே இருந்தது.

எழுத்தாளர் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ‘ராஜமுக்தி’ திரைப்படப் பணிக்காகப் புணே சென்ற புதுமைப்பித்தன் காசநோய் முற்றித் திரும்பி, 1948 ஜூன் 30இல் திருவனந்தபுரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டிருந்த காலம் அது. எனினும் அம்மருந்து அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தது. நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முதன்மைப் படைப்பாளி ஒருவர் மனைவியையும் சிறு மகளையும் பொருளற்ற நிலையில் விட்டுச் சென்றார். மருந்து இருப்பதும் மருந்து கிடைப்பதும் வெவ்வேறு என்பதற்குத் தமிழாசிரியர்களாகிய நமக்கு இதனினும் நெருங்கிய சான்று தேவையில்லை.

3. சென்னை ஆய்வு: வீடே மருத்துவமனை

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இதில் இணைந்தன. சேத்துப்பட்டு ஸ்பர் டேங்க் சாலையில் இயங்கிய இம்மையத்திற்கு மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தொடக்கக் காலத் தலைமை ஏற்றார். இதுவே பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையமாகவும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறியது.

அம்மையம் எடுத்துக்கொண்ட முதல் வினா எளியது. ஆனால் அதன் விளைவு பெரியது. நோயாளிகளுக்கேற்ற எண்ணிக்கையில் படுக்கைகள் இல்லாத நாட்டில், புதிய மருந்துகளை வீட்டிலேயே கொடுத்தால் என்ன? சென்னையின் நெரிசலான, வறிய பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓராண்டு தங்கினர். மற்றொரு பிரிவினர் தத்தம் வீட்டில் இருந்தவாறே மையத்திலிருந்து மருந்து பெற்றனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாஸ் ஆகிய அதே மருந்துகளே வழங்கப்பட்டன. ஆனால் உணவு, ஓய்வு, இடவசதி, செவிலியர் கவனிப்பு ஆகிய அனைத்திலும் சானடோரியப் பிரிவே மேம்பட்டிருந்தது.

1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்த முடிவு மருத்துவ உலகின் நெடுநாள் நம்பிக்கையை மாற்றியது. ஓராண்டின் முடிவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் நோய் அடங்கிய நிலையை எய்தியிருந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு நோய் கூடுதலாகப் பரவவில்லை என்பதைத் தொடர் ஆய்வுகள் காட்டின. சத்துணவு குறைந்திருந்தும் மருந்து தன் வேலையைச் செய்தது என்பதும் 1961இல் தனியே எடுத்துரைக்கப்பட்டது.

இவ்வாய்வைப் பொதுவாக மருத்துவ முறையியலின் வெற்றியாகக் குறிப்பிடுவர். நாம் இதனைக் குடும்பப் பொருளாதாரத்தின் திருப்புமுனையாகவும் காண வேண்டும். தாய் வீட்டிலேயே இருக்கலாம். தந்தை உடல் தேறியதும் வேலைக்குத் திரும்பலாம். ஓராண்டுப் பிரிவு தேவையில்லை. ஏழைக் குடும்பத்தைச் சிதறவிடாமல் நோயைக் குணப்படுத்த முடியும் என்பதைச் சென்னையின் எளிய குடியிருப்புகளே உலகுக்கு மெய்ப்பித்தன.

எனினும் இதன் மறுபக்கமும் உண்டு. சானடோரியத்தில் அரசும் அறநிறுவனமும் ஏற்றிருந்த உணவு, தங்குமிடம், பராமரிப்பு ஆகியவற்றின் செலவு, நோயாளி வீட்டிலிருந்தபோது வீட்டாரின் செலவாயிற்று. சத்துணவு இல்லாமலும் நோய் குணமாகும் என்ற முடிவு, மருந்தின் ஆற்றலைப் பற்றிய அறிவியல் உண்மை. அதனைச் சத்துணவு வழங்க வேண்டியதில்லை என்ற கொள்கையாகப் படித்தால் அது பிழையாகும். இந்தியாவில் காசநோயாளிகளின் உணவுக்கென நாடு தழுவிய உதவித்தொகை வர 2018 வரை காத்திருக்க நேர்ந்ததை நோக்கும்போது, அப்பிழையான வாசிப்பு நெடுங்காலம் நிலவியது என்றே கருதத் தோன்றுகிறது.

4. சிங்கப்பூர்: கூலிக்கு ஈடு

சிங்கப்பூரில் 1844இல் அடிக்கல் நாட்டப்பெற்ற டான் டொக் செங் மருத்துவமனை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிராங்கூன் சாலைப் பகுதியில் இயங்கி, 1909இல் மொல்மின் சாலைக்கு இடம் மாறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அது முதன்மையாகக் காசநோய் மருத்துவமனையாகவே விளங்கியது. சப்பானியர் ஆட்சிக்காலப் பட்டினியும், கடைவீடுகளின் தடுப்பறைகளில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த நிலையும் நோயை வளர்த்திருந்தன. 1947இல் சிங்கப்பூர்க் காசநோய் ஒழிப்புச் சங்கமான சாட்டா, பொதுமக்களின் நன்கொடையால் தோன்றியது.

இங்கு நாம் கருதத்தக்கது குடியேற்ற அரசின் சமூகநலத் துறை 1940களின் இறுதியில் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை உதவித்தொகைத் திட்டமாகும். வேலையை விட்டால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்ற அச்சத்தால் தொழிலாளர்கள் நோயை மறைத்து உழைத்தனர். அதனால் நோய் முற்றியது, உடனிருந்தோருக்கும் தொற்றியது. கூலிக்கு ஓரளவு ஈடு கொடுத்தாலொழிய நோயாளி சிகிச்சைக்கு வரமாட்டார் என்பதை நிருவாகம் உணர்ந்ததன் விளைவே இத்திட்டம். பிரித்தானியாவில் போர்க்காலத்தில், 1943இல், இதே போன்ற உதவித்தொகை நடைமுறைக்கு வந்திருந்தது. அங்கு அது குணமாகி வேலைக்குத் திரும்பும் வாய்ப்புடையோருக்கே வழங்கப்பட்டதால், நாட்பட்ட நோயாளிகளின் குடும்பங்கள் விடுபட்டன.

உதவித்தொகையின் தருக்கத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அது நோயாளியின் துயரத்தை அளந்து கொடுக்கப்பட்டதன்று. உழைப்புச் சந்தைக்கு அவர் திரும்பக்கூடிய வாய்ப்பை அளந்து கொடுக்கப்பட்டது. எனினும் சிகிச்சையின் செலவென்பது மருந்தின் விலை மட்டுமன்று, இழந்த கூலியும் அதன் பகுதியே என்பதை ஓர் அரசு தன் கணக்கேட்டில் ஒப்புக்கொண்ட தருணம் என்ற வகையில் அது வரலாற்று முதன்மை உடையது.

அடுத்த சில பதின்மங்களில் பொது வீடமைப்பும் வேலைவாய்ப்பும் பரவலான மருத்துவ வசதியும் நோயைக் குறைத்தன. 1960இல் ஓர் இலட்சம் பேருக்கு 307 என்றிருந்த புதிய நோயாளர் விகிதம் 1987இல் 55 ஆக இறங்கியது. அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது மேலும் இறங்காமல் நின்றதால், 1997இல் சிங்கப்பூர்க் காசநோய் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது.

5. குறுகிய சிகிச்சையும் நாள்தோறும் நடையும்

1964இல் சென்னை மையம் மற்றோர் ஆய்வின் முடிவை வெளியிட்டது. மருந்தை நோயாளி கையில் கொடுத்தனுப்பாமல், வாரம் இருமுறை மையத்திற்கு வரவழைத்து, பணியாளர் கண்முன்னரே கொடுக்கும் முறை அது. பிற்காலத்தில் ‘டாட்ஸ்’ என உலகம் அறிந்த நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு அதுவே முன்னோடிகளுள் ஒன்று. ஃபாக்ஸ் பின்னர் இலண்டன் சென்று பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் காசநோய்ப் பிரிவை வழிநடத்தினார். 1970களில் அப்பிரிவு கிழக்காப்பிரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நடத்திய கூட்டாய்வுகளால், ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது. இவ்வாறு சென்னையும் சிங்கப்பூரும் ஒரே ஆய்வு மரபின் இரு களங்களாயின.

காலம் சுருங்கியது குடும்பங்களுக்குப் பெரும் நன்மை, ஐயமில்லை. ஆனால் கண்காணிப்பு முறை வேறொரு செலவைக் கொணர்ந்தது. மருந்துக்குக் காசில்லை, மருந்தகம் செல்லப் பேருந்துக்குக் காசு உண்டு. காலையில் மருந்தகத்தின் வரிசையில் நிற்பவர் அன்று காலை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நிற்க முடியாது. மாதச் சம்பளக்காரருக்கு அரைமணி நேரத் தாமதமாவது, நாள்கூலிக்காரருக்கு ஒரு நாள் வருமானம். படுக்கையில் இருந்த செலவு இப்போது நடையில் வந்து நின்றது.

நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே தொடங்கும் செலவும் உண்டு. பெங்களூர்த் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டத்தில் நடத்தி 1963இல் வெளியிட்ட ஆய்வு, நோயாளிகள் அறியாமையால் ஒதுங்கியிருந்தனர் என்ற எண்ணத்தை உடைத்தது. நோய்க்குறி உணர்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே அரசு மருத்துவ நிலையங்களை நாடியிருந்தனர். பெரும்பாலும் இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். ஒருவர் மருந்தகம் மருந்தகமாக அலைந்த நாள்களின் செலவு எந்த அரசுத் திட்டத்தின் கணக்கிலும் ஏறாதது.

6. அளக்கப்பட்ட சுமை

இச்சுமையை எண்களால் அளந்த தொடக்கக் கால முயற்சிகளுள் ஒன்றும் சென்னை மையத்திலிருந்தே வந்தது. இராஜேஸ்வரியும் அவருடன் பணியாற்றியோரும் தமிழ்நாட்டு நோயாளிகள் 304 பேரிடம் நடத்திய ஆய்வு 1999இல் வெளியாயிற்று. அதன்படி ஒரு நோயாளிக்கு நேர்ந்த சராசரி நேரடிச் செலவு 2,052 ரூபாய். வருமான இழப்பு முதலிய மறைமுகச் செலவு 3,934 ரூபாய். ஆக மொத்தம் 5,986 ரூபாய். சராசரியாக 83 வேலைநாள்கள் இழக்கப்பட்டன. சராசரிக் கடன் 2,079 ரூபாய்.

இவ்வெண்களில் இரண்டை நாம் அழுத்திக் கூற வேண்டும். முதலாவது, மொத்தச் சுமையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மறைமுகச் செலவு. மருந்தை முற்றிலும் இலவசமாக்கினாலும் இப்பங்கு அப்படியே எஞ்சும். இரண்டாவது, கடன் தொகை நேரடிச் செலவுக்கு ஏறத்தாழச் சமம். குடும்பங்கள் சேமிப்பிலிருந்து சமாளித்திருந்தால் இவ்வளவு கடன் எழுந்திராது. நோய் ஆறு மாதத்தில் அடங்கலாம். வட்டி அவ்வாறு அடங்குவதில்லை.

எண்களுக்கு அப்பாலும் அவ்வாய்வு சென்றது. நோயாளிகளின் பிள்ளைகளில் 11 விழுக்காட்டினர் பள்ளிப்படிப்பை நிறுத்தினர். மேலும் 8 விழுக்காட்டினர் குடும்பத்தைத் தாங்க வேலைக்குச் சென்றனர். ஐந்தில் ஒரு பிள்ளையின் கல்வி பெற்றோரின் நோயால் முறிந்தது. பெண் நோயாளிகளில் 15 விழுக்காட்டினர் தம் குடும்பத்தாரால் ஒதுக்கப்பட்டனர். வகுப்பறையில் பெயர்ப்பட்டியலிலிருந்து ஒரு மாணவர் மறைவதன் காரணத்தைத் தேடும் ஆசிரியர், வருகைப் பதிவேட்டுக்கு வெளியே நோக்க வேண்டியிருப்பதை இது உணர்த்துகிறது.

2015இல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் காசநோய் ஒழிப்பு உத்தி, குடும்பச் சுமையை நோயாளர் எண்ணிக்கைக்கு இணையான இலக்காக ஏற்றது. ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டிற்கு மேற்பட்ட செலவு பேரிழப்பாகக் கொள்ளப்பட்டது. 2020ஆம் ஆண்டிற்குள் எக்குடும்பமும் அந்நிலைக்கு ஆளாகக்கூடாது என்பது இலக்கு. அது நிறைவேறவில்லை. பல நாடுகளில் நடந்த அளவீடுகளின்படி ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் அவ்வெல்லையைக் கடந்தன. மருந்தெதிர்ப்புக் காசநோயில் ஐந்தில் நான்கு குடும்பங்கள் கடந்தன.

இந்திய அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய நிக்சய் போஷண் திட்டம் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. ஆறு மாதச் சிகிச்சைக்கு 6,000 ரூபாய். 1999இல் கணக்கிடப்பட்ட 5,986 ரூபாய்க்கு இது எண்ணளவில் சமம். ஆனால் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ரூபாயின் வாங்கும் ஆற்றல் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அன்றைய சுமைக்கு ஈடான தொகை இன்றைய சுமைக்குச் சிறு கைத்தாங்கலே.

7. மார்சிலிங்: இரு கணக்கேடுகளுக்கு இடையில்

சென்னையில் தொடங்கிய இவ்வரலாறு சிங்கப்பூரின் வட எல்லையில் உள்ள மார்சிலிங்கில் மற்றொரு வடிவம் கொள்கிறது. ஜொகூர்ப் பாலத்தை ஒட்டிய உட்லண்ட்ஸ் வட்டாரத்தின் பகுதி இது. ஒருபுறம் 1970களில் எழுந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள். அதே வட்டாரத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகள். விடுதிவாசிகளில் தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்து வந்தோரும் உளர். ஒரே மொழி பேசுவோர் அருகருகே வாழ்ந்தாலும், காசநோய் வந்தால் அவர்களுடைய வழிகள் பிரிகின்றன.

அடுக்குமாடியில் வாழும் குடிமகனுக்கு அரசு மானியம் உண்டு. கண்காணிப்புச் சிகிச்சையைத் தம் வீட்டிற்கு அருகிலுள்ள பலதுறை மருந்தகத்தில் பெறலாம். வசதி குறைந்த நோயாளிகள் தவறாமல் வருவதற்கு ஊக்கமாக மளிகைப் பொருள் வாங்கும் பற்றுச்சீட்டு வழங்கும் திட்டமும் 2000களின் இறுதியில் சாட்டாவின் ஆதரவுடன் தோன்றியது. 1940களின் உதவித்தொகையில் இருந்த அதே புரிதல், வேறு வடிவில், இங்குத் திரும்பி வந்ததைக் காண்கிறோம். 2022இல் சிங்கப்பூர்வாசிகளிடையே 1,251 புதிய நோயாளர் பதிவாயினர்; அவர்களுள் முதியோர் கணிசமானோர். வேலையை விட்ட முதியவருக்கும் நாள்தோறும் நடக்கும் நடை எளிதன்று. எனினும் அவரது பெயர் ஓர் அரசின் கணக்கேட்டில் இருக்கிறது.

பணி அனுமதியில் வரும் தொழிலாளியின் நிலை வேறு. வந்து சேர்ந்ததும் அவர் செய்துகொள்ள வேண்டிய மருத்துவச் சோதனையில் காசநோயும் இடம்பெறுகிறது. மார்பு ஊடுகதிர்ப்படம் எடுக்கப்படும். தீவிரக் காசநோய் உறுதியானால் அனுமதி கிட்டாது. பொதுச் சுகாதார நோக்கில் இதற்கு நியாயம் கூறப்படலாம். ஆனால் குடும்பப் பொருளாதார நோக்கில் இதன் பொருள் யாது? முகவருக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் நகையை அடகு வைத்தோ நிலத்தின் மேல் கடன் வாங்கியோ திரட்டியது. அக்கடனை அடைக்க வேண்டிய வருமானம் தொடங்கும் முன்னரே நின்றுவிடுகிறது. ஊர் திரும்பியவர் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் இலவச மருந்து பெறலாம். மாதம் 1,000 ரூபாயும் பெறலாம். ஆனால் அவரது குடும்பத்தைச் சாய்த்த சுமை மருந்தின் விலையும் அன்று, உணவின் விலையும் அன்று; பயணத்தின் கடன்.

இக்கடன் சிங்கப்பூரின் சிகிச்சைச் செலவுக் கணக்கில் வராது. ஏனெனில் அவர் அங்குச் சிகிச்சையை நிறைவு செய்யவில்லை. இந்தியக் கணக்கிலும் வராது. ஏனெனில் அது சிகிச்சைக்காக வாங்கப்பட்டதன்று. இரு நாட்டுத் திட்டங்களும் தத்தம் எல்லைக்குள் முறையாகச் செயற்படினும், அவற்றின் இடைவெளியில் ஒரு குடும்பம் விழுந்துவிடுகிறது. நோயை மறைக்கத் தூண்டுவதும் இவ்வச்சமே. எண்பது ஆண்டுகளுக்கு முன்னர்க் கடைவீட்டுத் தொழிலாளியை இருமலை மறைத்து உழைக்கச் செய்த அதே காரணம் வடிவம் மாறி நிற்கிறது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. சானடோரியத்திலிருந்து வீட்டிற்கும், நெடுங்காலத்திலிருந்து ஆறு மாதத்திற்கும் சிகிச்சை நகர்ந்தபோது ஏழைக் குடும்பங்கள் உண்மையான நன்மை அடைந்தன. அந்நன்மைக்குச் சென்னை நோயாளிகளின் பங்களிப்பு உலக அளவினது. அதே வேளையில் ஒவ்வொரு நகர்விலும் செலவின் ஒரு பகுதி பொது நிறுவனத்திடமிருந்து வீட்டிற்கு இடம் மாறியது. அப்பகுதி உணவாகவும் கூலியாகவும் நடையாகவும் இருந்ததால் மருத்துவக் கணக்கில் தெரியவில்லை. மூன்றாவதாக, உழைப்பைத் தேடி மக்கள் கடல் கடக்கும் காலத்தில், நோயின் செலவை ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் கணக்கிடுவது போதாது.

கூலிக்கு ஈடு கொடுக்காமல் காசநோயை ஒழிக்க இயலாது என்ற உணர்வு 1940களிலேயே சிங்கப்பூர் நிருவாகத்திற்கு இருந்தது. தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் 1999இல் அதனை எண்களால் நிறுவினர். ஆகவே குறைவு அறிவில் இல்லை. அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் சேர்ந்து, சோதனையில் நோய் கண்டறியப்பட்ட தொழிலாளியின் பயணக் கடனுக்கும் சிகிச்சைக் காலத்திற்கும் பொறுப்பேற்கும் ஓர் ஏற்பாடு உருவாகும்போதுதான், அன்று தொடங்கிய அவ்வுதவித்தொகையின் தருக்கம் முழுமை பெறும்.